இடைவேளைக்குப் பிறகு

இரண்டாம் பாதியை நான் பார்த்ததே இல்லை.
எண்பத்து மூன்றில், இதே த்ரியெஸ்தேயில், இதே அரங்கில்
இடைவேளை விளக்கு எரிந்ததும்
"போதும், என்ன கூத்து இது" என்று
என் கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான் தாரியோ.
கைகளை நுழைத்துக்கொண்டேன்.
யாராவது விரித்துப் பிடித்தால்
நுழைத்துக்கொள்ளும் வயது.

இன்று அந்தப் படச்சுருளைக் கழுவித் துடைத்து
மறுபடி ஓட்டுகிறார்கள்.
இருபத்து மூன்று பேர், ஒரு நாய்.
வெளியே போரா காற்று
யாருடைய ஸ்கூட்டரையோ சாய்த்துவிட்டு
அடுத்த தெருவுக்குப் போகிறது.

கதையென்று பார்த்தால் இவ்வளவுதான்:
விண்வெளிக்குப் போனவன் திரும்பி வருகிறான்.
உடம்பு வந்துவிட்டது.
காது மட்டும் பதினொரு நிமிடம் பின்தங்கி வருகிறது.
காப்பிக் கடையில் சொன்ன நகைச்சுவைக்கு
பிஷப்பின் சவப்பெட்டி அருகே நின்று சிரிக்கிறான்.

விண்கலத்தின் ஜன்னல், சலவை இயந்திரத்தின் கதவு.
நட்சத்திரங்கள், கறுப்புத் துணியில் சிந்திய உப்பு.
அதில் ஒன்று நகர்கிறது.
எறும்பாக இருக்க வேண்டும்.

நீவெஸ் கொச்சான்சிச்
ரயில் நிலையத்தில், தொலைந்த குடைகளின் கவுண்டரில்.
அன்றைய தினசரி நாயகனுக்கு மூன்று பத்தி ஒதுக்கியது.
அவளுக்கு "நாயகி அழகாக இருக்கிறார்."
பெயரில் ஓர் எழுத்துப் பிழை வேறு.
மூன்று படங்களோடு முடிந்தது.
பிறகு கொரீட்சியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து
எல்லோரையும் சின்ன எழுத்தைப் படிக்கச் சொன்னாளாம்.

வசனம் பேச யாருக்கும் வரும்.
பேசி முடித்த பின்
முகத்தை என்ன செய்வது?
நீவெஸ் அதைக் கீழே போட்டுவிடவில்லை.
தளும்பும் பாத்திரத்தை
நெரிசலான டிராமில் கொண்டுபோகிறவள்போல
இடது புருவத்தை மட்டும் சற்றே உயர்த்தி
பதில் வரும்வரை சுமக்கிறாள்.

நான் விட்டுப்போன பாதியில்
அவள் கணக்குக் கற்றுக்கொள்கிறாள்.
மேகம் கூடும் முன்பே "நனையாதே" என்கிறாள்.
நான்கு நிறுத்தங்கள் முன்னதாக "இங்கே இறங்கு."
இரவில் சண்டை போட
சூப் கொதிக்கும்போதே ஆரம்பித்தாக வேண்டும்;
சூடு ஆறிய பிறகு அவன் கோபித்துக்கொள்ளும்போது
அவளுக்குச் சண்டை மறந்திருக்கிறது.
நாய்கூட எழுந்து உட்கார்ந்தது.

தாரியோ
நகைச்சுவை முடியும் முன்பே சிரிப்பவன்.
பத்தொன்பது வருடம்
என் வாக்கியங்களின் வாலை நான் பார்த்ததில்லை.
கெட்டவன் இல்லை.
அவசரம்.

கடைசிக் காட்சி.
அடுக்களை. அவன் ஜன்னலோரம் முதுகு காட்டி.
அவள் அந்த வார்த்தையைச் சொல்கிறாள்,
உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்.
அடுப்பில் முட்டை வைக்கிறாள்.
கேமரா அவளைவிட்டு அசையவில்லை.
முட்டை வெந்து, ஓடு உரிந்து,
பாதியைத் தின்கிறாள்.
இன்னொரு பாதியைப் பார்க்கிறாள்.
அவசரமில்லாத முகம் எப்படி இருக்கும் என்று
எனக்கு அறுபத்து நான்கு வயதில் தெரிகிறது.
மஞ்சள் கரு உதட்டோரம் ஒட்டியிருக்க
படம் முடிந்துவிடுகிறது.
அவன் திரும்பவே இல்லை.

விளக்கு எரிந்தது.
யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை.
என் கோட்டை நானே போட்டுக்கொண்டேன்,
ஒரு கை தவறான ஓட்டையில்.

தெருமுனையில் காற்றுக்காகக் கட்டிய கயிற்றைப் பிடித்து
ஒவ்வோர் அடியாக நகர்ந்து
பத்தாம் எண் பேருந்தில் ஏறி
டிக்கெட்டைப் பெட்டியில் நுழைத்தேன்.
"கடக்" என்று முத்திரை விழுந்தது.

அந்த பிஷப்!
அப்போதுதான் வந்தது எனக்குச் சிரிப்பு.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.
முன்னிருக்கைப் பெண் பையை இறுக்கிக்கொண்டாள்.
நிற்கவில்லை.
கண்ணீர் வழிய, கம்பியைப் பிடித்தபடி,
இறங்க வேண்டிய இடம் தாண்டியும்.