நிமிடத்துக்கு மூன்று சென்ரிமீற்றர்

ஆஸ்பத்திரி அனுப்பிய பெட்டியில்
மடித்து மடித்து வைத்த ஒரு தாள்.
பிரதிதான்.
பேஸ்மெண்ட் கூடத்தில் விரிக்கத் தொடங்கினோம்.
குளிர்பெட்டியைச் சுற்றிக்
குளியலறை வாசல்வரை போனது.
ஒன்பது மீற்றர்.
என் கூறைச்சேலையை விட நீளம்.

மேல்கோடு அவளுடைய இதயம்,
கீழ்க்கோடு என் நோவு.
நிமிடத்துக்கு மூன்று சென்ரிமீற்றராக
ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது கடதாசி,
யாரும் பார்க்காதபோதும்.

மூன்று பன்னிரண்டு:
மேல்கோடு விழுகிறது,
எழும்புகிறது, திரும்ப விழுகிறது,
எழும்பப் பிந்துகிறது.
அந்த நேரம்தான் நான் சொன்னது,
பிள்ளை துடிக்கேல்லை, ஏதோ பிழை எண்டு.
தாதியின் குறிப்பில் ஒரே வரி:
தாய் அமைதியாக இருக்கிறார்.
மூன்று ஐம்பத்தொன்று:
டாக்டர் வருகிறார்.

வாகீசன் அளவுநாடா கொண்டுவந்தான்,
வேலைத்தளத்து மஞ்சள் நாடா.
அந்த இடைவெளி நூற்றிப் பதினேழு.
ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது,
இயலினியைத் தூக்கிவந்து
தாளின் பக்கத்தில் கிடத்தினேன்.
எழுபத்தொன்பது.
மிச்சம் அவள் தலைக்கு மேலே
வெறுமனே நீண்டு கிடந்தது.

*

மாசிப் பனிக்குள் ஸ்காபரோவிலிருந்து
இரண்டு பஸ், ஒரு ரயில்.
பே வீதி, பத்தொன்பதாம் மாடி.
வக்கீல் பெல்லிசாரி மெதுவாகத்தான் கதைத்தார்.

தவறு நடந்தது என்று காட்டினால் போதாது,
அந்தத் தவறால்தான் இது என்றும் காட்டவேண்டும்.
இரண்டுக்கும் வேறு வேறு நிபுணர்கள்.
வேறெங்கோ, வேறு மேசையில்
இதே தாளை விரிப்பார்கள்.
வென்றால் என் பங்கு இவ்வளவு.
தோற்றால் மற்றவர்களின் செலவும்
உங்கள் தலையில் விழலாம்.

தாய் தகப்பனுக்கு இரண்டு வருடம்.
இருபது மாதம் போய்விட்டது.
பிள்ளையின் மணிக்கூடு மட்டும் இன்னும் நித்திரை.
அவளுக்காக வழக்காட
ஒருவர் பெயர் கொடுக்கும்வரை அது ஓடாது.

என் பெயரைக் கொடுத்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம்.
மொழிபெயர்க்க வந்த பெடியன் வாசித்தான்:
இயலாமையின் அளவு.
பிறகு பிள்ளையின் பெயரைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
குனிந்துகொண்டான்.
கோயிலில் சனம் ஏலாத பிள்ளை என்றுதான் சொல்லுது.
கடவுள் தந்ததுக்குக் கோட்டுக்குப் போறதோ,
என்றும் கேட்டது ஒரு குரல்,
பிரசாதத்தை நீட்டிக்கொண்டே.

*

பிறகு ஒருத்தி வீட்டுக்கு வந்தாள்,
ஒரு வாழ்க்கைக்கு விலை எழுத.
ஐந்து வருடத்துக்கு ஒரு சக்கர நாற்காலி.
குளிக்க வார்க்கத் தூக்கும் கருவி.
பம்பஸ், ஒரு நாளைக்கு ஆறு.
இரவுக்கு ஓர் ஆள்.
"எத்தனை வயதுமட்டும் எழுதுவீர்கள்?"
பென்சிலை வைத்துவிட்டாள்.
அதிலும் வாதம் இருக்குமாம்.
அவள் எவ்வளவு குறைய வாழ்வாளோ
அவ்வளவு குறையும் அவர்களுக்குக் காசு.

*

பெல்லிசாரியிடம் ஒன்றைத்தான் நானாகக் கேட்டேன்.
டாக்டர் ஏன் ஒரு சொறிகூடச் சொல்லவில்லை?
சொன்னால் மாட்டிக்கொள்வாரா?

இல்லை, என்றார்.
இந்த மாகாணத்தில் அதற்கே ஒரு சட்டம் இருக்கிறது.
மன்னிப்புக் கேட்டதை
அவருக்கெதிராகக் கோட்டில் எடுக்க முடியாது.

பத்தொன்பது மாடியும் இறங்கினேன்.
லிஃப்டில் என்னோடு நின்ற மனிசி
ஓகேயா, ஓகேயா என்று கேட்டாள்.

ஒரு சதம் செலவில்லை.
அன்றைக்கே சொல்லியிருக்கலாம்,
கையைக் கழுவிக்கொண்டே என்றாலும்.

*

தாள் பழைய மடிப்புக்குத் திரும்ப மறுக்கிறது.
நான் ஒரு முனை, வாகீசன் மறுமுனை,
படுக்கைவிரிப்பு மடிப்பதுபோல்
கிட்ட வருகிறோம், விலகுகிறோம்.
நடுவில் இழுபட்டது.
பார்த்தால் இயலினி,
எப்போதும் இறுகிக் கிடக்கும் இடக்கைக்குள்
ஒரு பிடி கடதாசி.

"ஐயோ, சாட்சியடி அது," என்று
விரல்களைப் பிரிக்கப் போனான்.

பிரதிதானே, விடு என்றேன்.
மூன்று இருபதோ முப்பதோ
அவளுடைய முஷ்டிக்குள் இருந்தது.
எச்சில் பட்டு
மை கரையத் தொடங்கியிருந்தது.