மூன்று மீட்டருக்கு ஒரு முறை

மூன்று மீட்டருக்கு ஒரு முறை
பூமி எனக்கு ஒரு கைப்பிடி அனுப்புகிறது.
சல்லடையில் அள்ளி, சேறு போகக் கழுவி,
தட்டில் பரப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் தள்ளுகிறேன்.
சாம்பல் நிறக் களிப்பாறை.
மறுபடியும் சாம்பல் நிறக் களிப்பாறை.
கொஞ்சம் நிலக்கரித் துணுக்கு.

கெய்ன்ஸ்பரோவுக்கு வெளியே
சர்க்கரைக் கிழங்கு பிடுங்கி முடித்த வயல்,
பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
கீழே துரப்பணம் கடிக்கும்போதெல்லாம்
என் கேபினில் கோப்பையும் கரண்டியும் பேசிக்கொள்கின்றன.

கிணற்றுக்காரர் லண்டனில் தூங்குகிறார்.
அவர் ரிக் கம்பெனியை அமர்த்தினார்,
இன்னொரு கம்பெனியை அமர்த்தினார்,
அது வேறொன்றை,
அது என்னை, நாள் கூலிக்கு.
ஏணியில் எனக்கும் கீழே ஒருவர்:
கிளைவ் பிரம்பி. ஒரே டேங்கர்,
கழிவுச் சேறு அள்ளுகிறவர்.
அவருக்குக் கீழே பாறைதான்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டில்
மணல் வந்தது.
ஊதா விளக்கைப் போட்டேன்:
தட்டின் ஓரத்தில் வெளிறிய நீலமாய் ஒரு மினுக்கம்.
நெஞ்சு ஒரு படி தவறியது.
ஊசியால் தொட்டேன், முகர்ந்தேன், கரைப்பான் விட்டேன்.
எண்ணெய் இல்லை.
குழாய் மரையில் தடவிய கிரீஸ்.

கிணறு வெட்டினால்
பூதமாவது கிளம்பும் என்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு தாளில் கையெழுத்திட்டிருக்கிறேன்:
பாறை சொல்வதை யாருக்கும் சொல்வதில்லை.
வீட்டில் கோகுலனுக்குக்கூட
"வேலை நடக்குது" என்பதோடு சரி.

ஐந்து மணிக்கு கிளைவ் வந்தார்,
வாசலிலேயே பூட்ஸைத் தேய்த்துத் தேய்த்து.
"செவ்வாய்க்கிழமை ரெண்டாவது டேங்கருக்குக் கையெழுத்து.
வீட்டு மேல கடன்.
இது பேசிட்டா இன்னும் எட்டுக் கிணறாமே?"
அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்,
அது சுலபம்.

விளக்கை நான் அணைக்கவில்லை.
தட்டை மூடவும் இல்லை.
ஊதா வெளிச்சத்தில்
ஒன்றும் மினுங்காத மணல் கிடந்தது.
தேநீர் போடுவதுபோல் முதுகு காட்டி நின்றேன்,
கெட்டில் எப்போதோ கொதித்து அடங்கியிருந்தது.

திரும்பியபோது
அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரா,
சுவர்க் காலண்டரையா, தெரியவில்லை.
"குளிரு" என்றார். போனார்.

திங்கள் மதியம் உத்தரவு வந்தது: மூடு.
வறண்ட கிணற்றால்
கூடுதல் நாள் வேலை கிடைப்பது ஒருவருக்குத்தான்,
சிமென்ட்காரர்.
விசிலடித்தபடி லாரியைப் பின்னால் ஓட்டிவந்தார்.
வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டதும் கிளைவ்தான்,
"வா, வா, இன்னும் வா" என்று கையசைத்து.

இரவே என் கேபினைத் தூக்கிவிட்டார்கள்.
பில் அனுப்பியாயிற்று; அறுபது நாளில் பணம் வரும் என்கிறார்கள்,
மேலே இருப்பவர்களுக்கு வந்தால்.
செவ்வாய்க்கிழமை லிங்கனில்
அவர் பேனாவை எடுத்தாரா என்று
யாரைக் கேட்பது?

நகக்கண்ணில் இன்னும் சாம்பல் நிறம்.