முந்நூற்று நாற்பது கிராம்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு, பழைய இரும்புக் கடை.
மாங்கூழ் ஆலைக்கு லாரிகள் போகிற ஜூன்;
தார் ரோடே புளித்து மணக்கிறது.

பெங்களூர் ஏலத்தில் எடுத்த லாட்டில்
கம்ப்ரசர்களுக்கும் கதவில்லாத பீரோவுக்கும் நடுவே
உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டம்.
அத்தாவுல்லா தராசில் போட்டார்.
"செம்பு கொஞ்சம். மிச்சம் குப்பை."
முந்நூற்று நாற்பது கிராம்.

நான் அங்கே பில் போடுகிறவள்.
பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்துவிட்டு
எலக்ட்ரானிக்ஸைக் கிலோவில் விற்கிறவள்.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

கடுகிலும் சிறிய கறுப்பு வளையங்கள்,
வரிசைக்கு அறுபத்து நான்கு,
அறுபத்து நான்கு வரிசை.
ஒவ்வொன்றின் துளையிலும் நான்கு கம்பி,
எவளோ மூச்சடக்கிக் கோத்தது.
ராக்கெட்டிடம்
"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று
சொல்வதற்கென்றே செய்த மூளை.

ஏறியிருந்தால் இங்கே வந்திருக்காது.
ஒட்டியிருந்த சீட்டில் "பயிற்சிக்கு மட்டும்" என்பது கிழிந்து
மட்டும் மட்டும் மிச்சம்.

கரண்ட் போனால் எங்கள் தராசு
பூஜ்யத்துக்குப் போய்விடும்.
இது போகாது. காந்தம்.
கடைசியாய்ப் போட்ட கணக்கு
வலஞ்சுழி இடஞ்சுழியாய் உள்ளேயே கிடக்கும்,
நாற்பது வருஷமோ, ஐம்பதோ.
ஏதோ ஓர் உயரம், ஏதோ ஒரு சாய்வு,
தரையை விட்டே கிளம்பாத பயணத்தின் நடுவழி.

படிக்க ஒரே வழிதான்:
எல்லாவற்றையும் பூஜ்யமாகச் சொல்லிப் பார்ப்பது.
திடுக்கிட்டுத் திரும்பினால், அது ஒன்றாய் இருந்தது.
அசையவில்லையென்றால் பூஜ்யம்.
படித்த கையோடு அழிந்தும்விடும்.

அதனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்
படித்ததை அப்போதே திரும்ப எழுதி வைக்கும்,
நொடிக்கு ஆயிரமாயிரம் தடவை,
இரவல் சர்க்கரையை அன்றைக்கே
அளந்து திருப்பித் தருகிற பக்கத்து வீட்டுக்காரிபோல.
என்னிடம் அது இல்லை.
பார்த்தால் போச்சு.

"என்னம்மா, செம்பா குப்பையா?"
இரண்டுமில்லை என்று ஒரு கட்டம்
எங்கள் பில் புத்தகத்தில் கிடையாது.
"இதர வகை, ஒன்று, எழுபது ரூபாய்.
வாங்கியவர்: செ. முனியம்மாள்" என்று
என் பெயரையே எழுதினேன்.

டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து
உள்ளே வைத்து மூடிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்துக்கு, கிரேன் காந்தம் தொங்குகிற
கொட்டகை வழியாய்ப் போனால் கிட்டம்.
காரைத் தூக்கும் காந்தம் அது.

நான் இடப்பக்கமாய்ச் சுற்றிக்கொண்டு போனேன்.
ஆறு மணி பஸ் போய்விட்டது.