வலது பக்கம் குளிர்கிறது

கெமி நகரில் ஏப்ரல் என்றால்
பாதி பனி, பாதி சேறு.
கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது.
என்னைவிட மூன்று வயது மூத்த ஹோண்டா
ஆறாவது உதையில் உறுமுகிறது,
சோக்கை விட்டதும் செத்துப்போகிறது.

புகைக்குழாய் இரண்டிலும்
விரலில் எச்சில் தொட்டு வைத்தேன்.
இடது: சுர்.
வலது: ஒன்றுமில்லை.
எச்சில் அங்கேயே உட்கார்ந்து
என்னைப் பார்த்தது.

பிளக்கில் பொறி வருகிறது. பார்த்தாயிற்று.
டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்குகிறது. அதுவும் பார்த்தாயிற்று.
அப்படியானால் தொண்டைதான்.

பகலெல்லாம் எனக்கு வாய்களோடு வேலை.
டாக்டர் கௌப்பிலாவின் கிளினிக்கில்
பற்காறை சுரண்டுகிறேன்.
இன்னும் கொஞ்சம் திறங்கள், இன்னும் கொஞ்சம் என்று
நாளைக்கு நாற்பது தடவை கெஞ்சுகிறேன்.
கார்புரேட்டரைக் கெஞ்ச வேண்டியதில்லை.
சமையல் மேஜையில் செய்தித்தாளை விரித்து
மூன்று ஸ்க்ரூ கழற்றினால் அதுவாகவே திறக்கும்,
ஜப்பான் தலைக்கு ஜப்பான் முனை போட்டால்.
எனக்கு முன்னால் இதை வைத்திருந்த எவனோ
கிடைத்த திருப்புளியைக் கொடுத்துத் திருகி
ஒரு தலையை மொழுக்கென்று ஆக்கியிருக்கிறான்.
சாபம் கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை.
ஆனாலும், ஆயுசு முழுக்க
அவன் கைக்கு ஒரு மீன் ஜாடியும் திறக்காதிருக்கட்டும்.

கிண்ணத்தின் அடியில்
பாசி போல் பச்சையாக ஒரு பசை.
பெட்ரோல் செத்தால் வார்னிஷ் வாடை அடிக்கும்.
முதலில் பங்க்காரனைத் திட்டினேன்,
பிறகு எத்தனால் கலக்கச் சொன்ன அரசாங்கத்தை.
திட்ட ஆள் தீர்ந்துபோனதும்
அக்டோபர் ஞாபகம் வந்தது.
கிண்ணத்தை வடித்துவிட்டு மூட
பத்து நிமிடம் போதும்.
அந்த வாரம் கடமான் வேட்டை.
ஃப்ரீசர் நிரம்பிய திருப்தியில்
கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டேன்.

பைலட் ஜெட்டை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
எறும்பும் தலை நுழைக்க முடியாத பித்தளை வாசல்.
உள்ளே இருட்டு.
என்னிடம் ஊசிகள் உண்டு,
பல்லின் வேர்வரை போய் நரம்பைத் தூக்கிவருபவை.
கை அந்தப் பெட்டிக்குப் போனது.
இழுத்துக்கொண்டேன்.
எஃகு பித்தளையைத் தின்னும்.
மயிரிழை அகலமானாலும் போதும்,
அப்புறம் வண்டி மொடாக்குடிதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பின்,
கருவிகள் குளிக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில்
அதை மெல்ல இறக்கினேன்.
எட்டு நிமிடம். கொசுக்கூட்டம் போல் ஓர் இரைச்சல்.
துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நூல்
எழுந்து, யோசித்து, கலைந்தது.
மறுபடி விளக்கு.
குண்டூசி முனையளவு பகல்.

ரப்பர் சவ்வையும் பிடித்துப் பார்த்தேன்.
அதில் நட்சத்திரம் தெரிந்தால் செலவு.
நல்லவேளை, மேகமூட்டம்.

ஃப்ளோட் இருபத்தாறு மில்லிமீட்டர் உயரத்தில்.
கலவை ஸ்க்ரூ மெத்தென்று அமரும்வரை உள்ளே,
அங்கிருந்து ஒரு சுற்று வெளியே.
அதற்கு மேல் புத்தகம் பேசாது,
காதைத்தான் கேட்க வேண்டும்.

ஞாயிறு. மூன்றாவது உதை.
இடது: சுர்.
வலது: சுர்.
இரண்டாம் மாடியில் ஹெர்ராலா ஜன்னலைத் திறந்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.
அவர் வழக்கத்துக்கு அது நீண்ட பேச்சு.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
இடது கிண்ணத்தின் கீழே,
நான் தொடவே தொடாத நல்ல பக்கத்தின் கீழே,
பனியில் மஞ்சளாய் ஒரு சொட்டு.
சற்றுப் பொறுத்து
இன்னொன்று.

திங்கள் காலை எட்டு மணி.
நாற்காலியில் சாய்ந்த சொர்வாரி
திறந்த வாயை மூடிவிட்டு மூக்கைச் சுளித்தார்.
ஹெல்வி, இங்கே பெட்ரோல் வாடை அடிக்கவில்லை?

கொப்பளியுங்கள் என்றேன்.