பக்கத்துல நல்ல கடை எது?

பெட்டியை இறக்குவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்.
ஆதார் அட்டையை என் பக்கம் தள்ளிக்கொண்டே,
அதிலிருக்கும் முகத்துக்கும்
எதிரில் நிற்கும் முகத்துக்கும் நடுவே
நாலு மணி நேரப் பேருந்துப் பசியோடு:
"பக்கத்துல நல்ல கடை எது?"

புதுச்சேரி அண்ணா சாலை லாட்ஜில்
பதினோரு வருஷமாக ராத்திரி டியூட்டி எனக்கு.
நல்ல கடை என்று தனியாக ஒன்றும் கிடையாது.
கேட்கிற ஆள் யார் என்பதுதான் உண்டு.

சனிக்கிழமை கூட்டமாக வரும் பையன்களுக்கு
நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.
இந்த ஊரில் குடிக்க எங்கே போவது என்று கேட்பது
கடலில் கால் நனைத்தபடி
தண்ணீர் எங்கே என்பது மாதிரி.
இருந்தாலும் சொல்வேன்:
மொதல்ல சாப்பிடுங்க தம்பி.
முள்ளோடை செக்போஸ்டில்
பையில் இருப்பதைத்தான் பிடுங்குவார்கள்,
வயிற்றில் இருப்பதை இல்லை.

புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள்
மஞ்சள் சுவர்த் தெருக்களைக் கேட்பார்கள்.
மெழுகுவத்தி, வெள்ளைத் துணி,
என் அரை நாள் சம்பளத்துக்கு ஒரு கிண்ணம் வெங்காய சூப்.
நான் அங்கே சாப்பிட்டதில்லை.
"பிரமாதமா இருக்கும் சார்" என்பேன்.
என் மச்சான் அங்கேதான் வெங்காயம் உரிக்கிறான்,
அவன் கண் கலங்கியதற்கு நான் சாட்சி.

203ஆம் அறைக்காரர் மட்டும் கேட்கவே இல்லை.
பெயர் கொளஞ்சிநாதன், ஊர் திட்டக்குடி.
வந்த காரணம் என்ற கட்டத்தில்
ஜிப்மர் என்று எழுதி, அடித்து,
சொந்த வேலை என்று மாற்றியிருந்தார்.
கோரிமேட்டில் அறை கிடைக்கவில்லையாம்.
ராத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் இருக்க விடவில்லையாம்.

மூன்றாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு
படியிறங்கி வந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று தப்பாக மாட்டி.
"ரெண்டு நாளா டீதாங்க குடிக்கிறேன்.
எத்தனை பேரு சார்னு கேக்காத கடை
எதுனா இருக்குதா?"

எனக்குத் தெரிந்த அத்தனை கடைகளும்
ஒவ்வொன்றாக வாய் திறந்தன.
எத்தனை பேர் சார்? ஃபேமிலியா சார்? ஏசியா சார்?
பக்கத்துச் சந்து மெஸ்காரர்
சோறு போடுவதற்குள் ஊர், வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்துவிடுவார்.
நல்ல மனுஷன், அதனால்தான் அங்கே அனுப்பவில்லை.

பெரிய மார்க்கெட் பின்வாசலுக்குப் போகச் சொன்னேன்.
மீன் வருவதற்கு முந்தைய நேரம்.
லூர்துமேரியின் அடுப்பு.
எண்ணிப் பார்க்க அங்கே நாற்காலி கிடையாது,
ஐஸ் பெட்டி இறக்குகிறவர்கள்
ஆளுக்கொரு தூணைப் பார்த்தபடி நின்று சாப்பிடுவார்கள்.
அவள் நிமிரமாட்டாள்.
தட்டை நீட்டினால் இடியாப்பம் விழும்,
மேலே நேற்று வைத்த மீன்குழம்பு.

நாலே முக்காலுக்குத் திரும்பி வந்தார்.
பார்வையாலேயே எப்படி என்று கேட்டேன்.
"புளி ஜாஸ்தி" என்றார்.
சாவியை வாங்கிக்கொண்டு படி வரைக்கும் போய்,
நின்று,
"அது வெச்சா இவ்ளோ புளி ஊத்தாது" என்றார்.

இந்த மேசையில்
கொசு, வெந்நீர், கிழிந்த போர்வை என்று
கேட்காத குறை இல்லை.
எல்லாவற்றுக்கும் "சொல்லிடறேன் சார்" என்பேன்.
இதற்கு மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம்
நான் வந்து சட்டையை ஆணியில் மாட்டுவதற்குள்
எதிரே நிற்கிறார்.
வாய் வழியா குடுத்துப் பாக்கலாம்னு
டாக்டர் சொல்லிட்டாராம்.
"நொய்க் கஞ்சி எங்கங்க கெடைக்கும்?
உப்பு கம்மியா."

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
பிரியாணி எட்டு இடம் தெரியும்.
ராத்திரி ஒன்றரைக்கு ஆம்லெட் போடுகிற ஆள்
எந்தத் திருப்பத்தில் நிற்பான் என்று தெரியும்.
கஞ்சி தெரியவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டேன்.
சிரித்தான். பிறகு,
"இரு, எங்க செஃப்பு கெளம்பல, கேக்குறேன்" என்றான்.

போனைக் காதில் வைத்தபடி நிற்கிறேன்.
அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம்.
இந்தப் பக்கம் சேலத்திலிருந்து ஒரு குடும்பம்,
பெட்டியை இன்னும் இறக்கவில்லை:
"பக்கத்துல நல்ல கடை..."

இருங்க சார், என்கிறேன்.
லைன்ல இருக்கேன்.