சீட்டுக்கு அடியில்

ஜாலஹள்ளி மைதானத்தில்
பாதிப் புல்லோடு நின்றுவிட்டது வண்டி.

பிளக்கில் கரி. துடைத்தேன்.
போன மழைக்கு ஊற்றிய பெட்ரோல்,
வார்னிஷ் வாடை. வடித்துக் கொட்டினேன்.
கார்புரேட்டர் ஜெட்டில் ஒற்றைக் கம்பி விட்டு ஊதினேன்.

நான் ஏறினால் ஓடுகிறது.
சம்பங்கி ஏறினால்
பத்தடி, ஒரு பள்ளம்,
பொட்டென்று அணைகிறது.

"எம்மேல என்ன கோவமோ இதுக்கு."

சீட்டைத் தூக்கினேன்.
ஆள் இறங்கினால் எஞ்சினை நிறுத்தும் பொத்தான்,
துரு இறுக்கிய ஸ்பிரிங்.

டெங்குவில் பதினொரு கிலோவை
ஆஸ்பத்திரியிலேயே விட்டு வந்தவர்.
குலுங்கும்போதெல்லாம்
ஆளே இல்லை என்கிறது வண்டி.
கான்ட்ராக்டர் நோட்டிலும்
இந்த மாசம் அப்படித்தானாம்.

எண்ணெய் விட்டு, பொத்தானுக்கு மேலே
சைக்கிள் டியூப் துண்டொன்று ஒட்டினேன்.

பில்லில்
கார்புரேட்டர் என்று மட்டும் எழுதினேன்.