ஆடும் சுமை

படிவத்தில் ‘முந்தைய தொழில்’ என்ற கட்டத்தில்
கிரேன் ஓட்டுநர் என்று எழுதினேன்.
நாய்ப் பயிற்சிக் கழகத்தின் செயலாளர் ஸ்வெட்கோ
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
நாய்க்கும் கிரேனுக்கும் என்னம்மா சம்பந்தம்?
அன்று எனக்குப் பதில் தெரியாது.

ரியேக்கா கப்பல் பட்டறையில் பதினாறு வருஷம்
நாற்பத்திரண்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.
ஃபிளாஸ்கில் காப்பி, காலடியில் அட்ரியாட்டிக்.
கீழே லிவியோ, கட்டைவிரல் உயர மனிதன்.
அவன் கை உயர்ந்தால் தூக்குவேன்,
உள்ளங்கை விரிந்தால் நிறுத்துவேன்.
அவன் விடுப்பில் போனால்
வேறொருவன் வந்து கத்துவான்.
அவ்வளவு உயரத்துக்குக் கத்தல் வந்து சேராது.
வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும்,
மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல.
கைகள் நாலு திசையிலும் பறக்கும்.
எதைச் செய்தாலும் தப்பு.
வயிறு இறுகிக்கொள்ளும்.
அந்த வயிற்றைத்தான் பிற்பாடு
எத்தனையோ நாய்களிடம் பார்த்தேன்.

பட்டறையை மூடினார்கள்.
எனக்கு ஏழு மாதச் சம்பளம்,
காவல் நாய்க்கு அதன் சங்கிலி.
உள்ளே காக்க ஒன்றுமில்லாத வாசலில் நின்று
வருகிறவர் போகிறவரையெல்லாம் குரைத்தது.
கூட்டிவந்தேன். கிஃப்லா என்று பெயர் வைத்தேன்,
அது முதலில் திருடிய ரொட்டியின் பெயர்.

கழகத்தில் முள்பட்டை தந்தார்கள்.
இழு, உடனே இழு,
யார் எஜமான் என்று காட்டு.
இழுத்தேன். மூன்று வாரம் இழுத்தேன்.
இதை விட்டுவிட்டு மீதியைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
இப்போதும் என் வலக்கை சட்டென்று உயர்ந்தால்
கிஃப்லா இடப்பக்கம் சாய்கிறது.
இடக்கையால் தலை சீவப் பழகிக்கொண்டேன்.

ஒரு மாலை, மீன் சந்தைக்கு வெளியே
ஒரு மொப்பெட் பட்படவென்று வெடித்துக்கொண்டு போனது.
நாய் பாய்ந்தது. வார் என் கையில்.
இழுக்கத்தான் விரல்கள் மடங்கின.
ஆனால் உடம்பு பழைய வேலைக்குப் போய்விட்டது:
கூடவே ஓடினேன், அது போகிற பக்கமே,
அதன் வேகத்தில்,
பிறகு மயிரிழை குறைவாக,
பிறகு இன்னொரு மயிரிழை.

கொக்கியில் எட்டு டன் தகடு ஆடும்போது
புதியவர்கள் எதிர்ப்பக்கம் இழுப்பார்கள்.
ஆட்டம் இரட்டிக்கும்.
சுமை எங்கே போகிறதோ அங்கேயே போய்
அதன் தலைக்கு மேல் நிற்க வேண்டும்.
நின்றால் தகடு அடங்கும்.
கிஃப்லாவும் அடங்கியது,
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே,
செதில் ஒட்டிய என் முழங்காலில் முதுகைச் சாய்த்து.

முள்பட்டையை ஸ்வெட்கோவின் மேசையில் வைத்தேன்.
ரசீது எழுதித் தந்தார். ஒழுங்கான மனிதர்.

இப்போது என்னிடம் வருகிறார்கள்.
எத்தனை நாளில் சரியாகும், நெரீனா?
பல் மருத்துவர் மொரானா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.
அவள் நாய் படிக்கட்டைக் கண்டால் மூத்திரம் போகிறது.
முதலில் உங்கள் கைகளைப் பார்க்கிறேன் என்றேன்,
நாயைப் புதன்கிழமை பார்க்கலாம்.
ஒரு சைகைக்கு ஒரே பொருள்.
‘வா’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது.
நாய்கள் வாரத்தில் கற்றுக்கொள்கின்றன.
மொரானாவுக்கு ஐந்து மாதம் ஆனது.
அவளாவது கற்றாள்.
ஒரு அடுக்குமாடிக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்டார், கொடுத்தேன்;
அவருடைய நாயை இன்னும் தெருவில் பார்க்கிறேன்,
அது என்னைப் பார்ப்பதில்லை.

பூரா காற்று மலையிலிருந்து இறங்கும் நாட்களில் வகுப்பு கிடையாது.
பட்டறையிலும் அப்படித்தான்.
கிரேனின் கையைப் பூட்டி வைக்க மாட்டோம்,
பூட்டினால் கோபுரமே சாயும்.
பிரேக்கைத் திறந்துவிட்டு ஏணியில் இறங்கி வருவோம்.
இரவெல்லாம் அது தனியாகக் காற்றோடு திரும்பிக்கொண்டிருக்கும்.

கிஃப்லா கதவடியில் மூக்கை வைத்து
ஒவ்வொரு சீறலுக்கும் ஒருமுறை குரைக்கிறது.
அண்டை வீட்டார் சுவரைத் தட்டுகிறார்கள்.
வாரை ஆணியில் மாட்டுகிறேன்.
தரையில், அதன் பக்கத்தில்,
நானும் அந்தக் கதவைப் பார்த்தபடி உட்காருகிறேன்.